எட்டு நிமிடக் கண்ணீர்

எங்கள் எல்லாருக்கும் மனப்பாடமாகிப்போன ஒரு வீடியோ இருக்கிறது. சனல் மாறும், ஊர் மாறும், வீடியோ மாறாது. தகரக் கொட்டில். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் ஒரு அம்மா. மைக் பிடித்த தம்பி கேட்கிறார்: "கணவர் எங்க அம்மா?" "எத்தனை வருசமாச்சு?" "பிள்ளையள் காலமை என்ன சாப்பிட்டவை?" அம்மா விம்மத் தொடங்கியதும் கமரா கிட்டப் போகிறது. பின்னணியில் புல்லாங்குழல். பிறகு உலர் உணவுப் பொதி வருகிறது. வட்ஸ்அப் வீடியோ கோலில் கனடாவில் இருந்தோ சுவிசில் இருந்தோ ஒருவர் வருகிறார். "ஐயாவுக்கு நன்றி சொல்லுங்கோ அம்மா." அம்மா கும்பிடுகிறார். பக்கத்தில் நிற்கிற பிள்ளையும் கும்பிட வேண்டும். கீழே வங்கிக் கணக்கு இலக்கம். "சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ உறவுகளே."

இதைத் தனி யூடியூபர்கள் மட்டும் செய்தால் ஒரு கதை. இப்போது பதிவு செய்த தொண்டு நிறுவனங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள் எல்லாம் இதே அச்சில்தான் வீடியோ போடுகின்றன. "இப்பிடிப் போட்டாத்தான் காசு வரும்" என்கிறார்கள். நாங்கள் சொல்கிறோம்: இப்படிப் போடுவது பிழை. காசு வந்தாலும் பிழை.

சமூக ஊடகம் வழியாக உதவி சேர்ப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் போனபோது என்ன மருந்து, எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல்கள் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும்தான் சுற்றின. வெளிநாட்டில் இருந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். ஒவ்வொரு கார்த்திகை, மார்கழி வெள்ளத்திலும் எந்த முகாமில் எத்தனை பேர், பால்மா வேண்டுமா, தறப்பாள் வேண்டுமா என்று முதலில் சொல்வது ஊர்ப் பெடியளின் போன்தான். பிரதேச செயலகம் கணக்கெடுத்து முடிக்கும் முன்னம் அவர்கள் மோட்டார் சைக்கிளில் போய்விடுவார்கள். அந்த வேலையை மதிக்கிறோம். எங்கள் சண்டை வேறு: உதவி வாங்குகிறவரின் முகத்தை விலையாக எடுப்பதோடு.

முதலில் காசுக் கணக்கைக் கதைப்போம். யூடியூப்பில் ஒரு சனல் விளம்பரக் காசு எடுக்க 1000 சந்தாதாரர்கள் வேண்டும். நீள வீடியோக்கள் என்றால் 12 மாதத்தில் 4000 மணித்தியாலப் பார்வை நேரமும் வேண்டும். அதன்பிறகு அந்த வீடியோக்களுக்கு வருகிற விளம்பர வருமானத்தில் 55 வீதம் சனல்காரருக்கு. வீடியோ 8 நிமிடத்தைத் தொட்டால் நடுவிலும் விளம்பரம் போடலாம். அதாவது, ஒரு அம்மாவின் கதையை 3 நிமிடத்தில் சொல்லி முடித்தால் சனலுக்கு நட்டம். அவ கொஞ்சம் கூட அழவேண்டும், இன்னும் இரண்டு கேள்வி கேட்கவேண்டும், குசினிக்குள் போய் வெறும் பானையைக் காட்டவேண்டும். "உதவி வீடியோ ஏன் இவ்வளவு இழுபடுது?" என்று நீங்கள் யோசித்திருந்தால் விடையின் ஒரு பாதி இதில் இருக்கிறது.

இனி ஒரு எளிய கேள்வி. அந்தக் குடும்பத்துக்குப் போனது ஒரு பொதி அரிசியும் மாவும் பருப்பும். அதிகம் போனால் ஒரு தையல் மெசின், ஒரு கோழிக்கூடு. அரிசி இரண்டு கிழமையில் முடிந்துவிடும். வீடியோ முடியாது. அது அடுத்த வருசமும் ஓடும், விளம்பரமும் ஓடும். அந்த வருமானத்தில் கதை சொன்னவருக்கு எத்தனை வீதம்? இதுக்கு யாரும் வீடியோ போட்டதை நாங்கள் காணவில்லை.

"அவையின்ர சம்மதத்தோடதான் எடுத்தனாங்கள்" என்று சொல்வார்கள். பசியோடு இருக்கிறவரிடம், பொதியை வாகனத்தில் வைத்துக்கொண்டு, "வீடியோ எடுக்கலாமா?" என்று கேட்டால் யார் "ஏலாது" என்று சொல்லுவார்? அது கேள்வியே இல்லை, நிபந்தனை. அந்த அம்மாவுக்கு யூடியூப் என்றால் என்ன என்று தெரிந்தாலும், நாளைக்கு அது டிக்டொக்கில் வெட்டி ஒட்டப்பட்டு, யாரோ ஒருவரின் பகிடிக்குப் பின்னணியாகும் என்று தெரியாது. பிறகு அழிக்கச் சொல்லி யாரிடம் போவது என்றும் தெரியாது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊர்கள் சின்ன ஊர்கள். வீடியோ வந்த அடுத்த நாள் அந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போகவேண்டும். வகுப்பில் இருக்கிற எல்லாருடைய வீட்டுப் போனிலும் அது வந்திருக்கும். பத்து வருசம் கழித்து அவள் வேலைக்குப் போகிற இடத்தில், கலியாணம் பேசுகிற வீட்டில், அவளுடைய பேரைத் தட்டினால் முதலில் வருவது அவள் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற படமாக இருக்கலாம். பெண்கள் தனியாக இருக்கிற வீடு எது என்று ஊர்ப் பேர், ஒழுங்கைப் பேர், போன் இலக்கத்தோடு உலகத்துக்கு அறிவிக்கிற வீடியோக்களும் இருக்கின்றன. அந்த இலக்கத்துக்கு இரவு பத்து மணிக்கு யார் எடுப்பார்கள் என்று எடுத்தவர் யோசித்தாரா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் உடல்நலம் பற்றிய தகவலையும் பிள்ளைகள் பற்றிய தகவலையும் விசேடமாகப் பாதுகாக்க வேண்டியவை என்று வகைப்படுத்துகிறது. சட்டம் நடைமுறைக்கு வருவது இழுபட்டது என்பது வேறு கதை. ஆனால் ஒரு பிள்ளையின் நோயையும் முகத்தையும் பேரையும் ஒன்றாகப் போட்டுக் காசு கேட்பது சரியில்லை என்று விளங்க எங்களுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சரி, மற்றப் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். அதில் இரண்டு கனமானவை.

ஒன்று: "காசு அனுப்புறவை ஆதாரம் கேக்கினம்." கேட்கத்தான் வேண்டும். குளிருக்குள் இரண்டு வேலை செய்து அனுப்புகிற காசு அது. சங்கங்கள் காசு சேர்த்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் விட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால்தான் புலம்பெயர்ந்த சனத்துக்கு அமைப்புகளில் நம்பிக்கை குறைந்து, "நேர குடுக்கிறதைக் காட்டுங்கோ" என்று கேட்கிற நிலைமை வந்தது. ஆனால் கொடுக்கிறதைக் காட்டுவது கணக்குக் காட்டுவது ஆகுமா? ஒரு வீடியோ காட்டுவது ஒரே ஒரு பொதி ஒரே ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போவதை. அந்த மாதம் மொத்தம் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, பெற்றோலுக்கு எவ்வளவு, மிச்சம் எங்கே என்று அது காட்டாது. நூறு பேர் அனுப்பிய காசில் பத்துப் பேருக்குப் பொதி கொடுத்து, பத்து வீடியோ போட்டால், நூறு பேருமே தங்கள் காசுதான் அது என்று நம்புவார்கள். ஏமாற்ற நினைக்கிறவனுக்கு அழுகிற வீடியோவை விட நல்ல மறைப்பு கிடையாது.

கோயில் ரியூப் லைற்றில் உபயகாரரின் பேரைப் பெரிசாக எழுதி வெளிச்சத்தை மறைக்கிற பகிடி எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேராவது கண்ணாடியில் எழுதப்பட்டது. இப்போது ஒரு அம்மாவின் முகத்தில் எழுதுகிறோம்.

இரண்டாவது: "முகம் காட்டாட்டிச் சனம் தராது." இதிலும் உண்மை இருக்கிறது. ஸ்மோல், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று பேர்போனது. ஆய்வில் பங்கெடுத்தவர்களுக்கு 5 டொலர் கொடுத்து, அதில் விரும்பியதைத் தானம் செய்யலாம் என்றார்கள். ஒரு பகுதியினருக்கு மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு ஆபிரிக்காவில் பசியால் வாடும் இலட்சக்கணக்கானோர் பற்றிய புள்ளிவிவரம் கொடுத்தார்கள். ரோக்கியாவுக்குச் சராசரியாக 2.38 டொலர் வந்தது. புள்ளிவிவரத்துக்கு 1.14 டொலர். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 1.43 டொலர்தான். ஒரு முகம் இலட்சம் பேரை வென்றது, பக்கத்தில் இலக்கத்தை வைத்ததும் அந்த முகமே பாதி தோற்றது.

நிதி சேர்க்கிறவர்கள் இதை வைத்துத்தான் "பாத்தீங்களா, முகம் வேணும்" என்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வில் இருந்தது ஒரு சின்னப் படமும் சில வரிகளும். யாரும் ரோக்கியாவை அழவைத்து எட்டு நிமிடம் படம் பிடிக்கவில்லை. மனிதருக்கு இலக்கத்தை விடக் கதை விளங்கும் என்பதே அதில் இருந்து தெரிவது. கதையைப் பேர் மாற்றிச் சொல்லலாம், குரலை மட்டும் வைத்துச் சொல்லலாம், கைகளைக் காட்டிச் சொல்லலாம், வேலை செய்கிற முதுகைக் காட்டிச் சொல்லலாம். ஒருவரை உடைத்துத்தான் கதை சொல்லவேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

அதோடு, முகத்தைப் பார்த்துக் கொடுக்கிற காசு முகத்தின் பின்னால்தான் போகும். வடிவாகக் கதை சொல்லத் தெரிந்தவருக்குக் கிடைக்கும், பக்கத்து வளவில் வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவருக்குக் கிடைக்காது. பச்சைப் பிள்ளைக்குக் கிடைக்கும், குடித்துத் திரிந்து இப்போது சிறுநீரகம் பழுதான தகப்பனுக்குக் கிடைக்காது. 2015 செப்டெம்பரில் துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியச் சிறுவன் அலன் குர்தியின் படம் வந்தபோது சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வந்த நன்கொடை பல மடங்காகக் கூடியது. சில வாரங்களில் அது திரும்ப இறங்கிவிட்டது. கடலில் சனம் சாவது நிற்கவில்லை. பார்க்கிறவர்களின் கண் களைத்துவிட்டது. கண் களைத்தால் அடுத்த படம் இன்னும் கொடூரமாக இருக்கவேண்டும். எங்கள் சனல்களும் அந்தப் பாதையில்தான் போகின்றன. முதலில் கண்ணீர் போதுமாக இருந்தது. இப்போது புண்ணைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள்.

அழவைக்காமல் காசு சேர்க்க முடியாது என்பவர்களுக்கு 2014ஐ ஞாபகப்படுத்துகிறோம். அந்த வருசக் கோடையில் உலகம் முழுக்கச் சனம் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வீடியோ போட்டது. ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக அது. அதைப் பரப்பிய பீற் ஃபிரேட்ஸ், பற் குவின் இருவரும் அந்த நோயோடு வாழ்ந்தவர்கள். அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் 115 மில்லியன் டொலர் வந்தது. அதில் பெரும்பங்கு ஆராய்ச்சிக்குப் போனது. அந்தப் பணத்தின் உதவியோடு நடந்த ஆய்வொன்று 2016இல் நோயோடு தொடர்புடைய ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தது. கவனியுங்கள்: அந்த வீடியோக்களில் நனைந்து, நடுங்கி, கோமாளியாகி நின்றது கொடுக்கிறவர்கள். நோயாளிகள் தங்கள் பேச்சைத் தாங்களே பேசினார்கள். அதே விளையாட்டை அடுத்த வருசம் திருப்பிச் செய்தபோது முதல் வருசத்துக்குக் கிட்டவும் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு வீடியோ அலை ஒரு நிறுவனத்தை நிரந்தரமாகத் தாங்காது. ஆனால் கண்ணீர் இல்லாமல் காசு வராது என்ற வாதம் அந்தக் கோடையிலேயே முடிந்துவிட்டது.

மேற்கு நாட்டு நிறுவனங்களே இந்தப் பிழையைப் பல வருசம் செய்து, அடி வாங்கி, மெல்லத் திருந்துகின்றன. அயர்லாந்து நிறுவனங்களின் கூட்டமைப்பான டோகாஸ் படங்களுக்கும் செய்திகளுக்கும் ஒரு நடத்தைக் கோவையை ஏற்றது. 2012இல் நோர்வே மாணவர்கள் "ஆபிரிக்கர்களே, குளிரில் நடுங்கும் நோர்வே மக்களுக்கு ஹீற்றர் அனுப்புங்கள்" என்று ஒரு நையாண்டி வீடியோ போட்டு, உதவி விளம்பரங்களின் முகத்திரையைக் கிழித்தார்கள். பிரித்தானியாவின் கொமிக் ரிலீவ் அமைப்பு, பிரபலங்களை ஆபிரிக்காவுக்கு அனுப்பிப் படம் பிடிப்பதை நிறுத்துவதாக 2020இல் அறிவித்தது. வெள்ளைக்காரர் கைவிடுகிற பழைய சட்டையை நாங்கள் இப்போது எடுத்துப் போடுகிறோம். இஞ்ச கமரா பிடிக்கிறவரும் தமிழர், அழுகிறவரும் தமிழர், பார்க்கிறவரும் தமிழர். அதனால் அது சுரண்டல் இல்லை என்றாகிவிடாது.

எங்கள் மரபிலேயே இதற்கு விடை இருக்கிறது. திருக்குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது, இரந்து நிற்பதன் அச்சத்துக்கும் தனியாக ஓர் அதிகாரம் இருக்கிறது. ஈகை அதிகாரத்தில் ஒரு குறளுக்கு உரை சொல்பவர்கள், "என்னிடம் ஒன்றும் இல்லை" என்ற துன்பச் சொல்லை மற்றவர் வாய்விட்டுச் சொல்லும் முன்னமே கொடுப்பதுதான் நல்ல குடிப்பிறப்பு என்று ஒரு பொருள் சொல்வார்கள். நாங்களோ அந்தச் சொல்லை மைக் வைத்துச் சொல்லவைக்கிறோம். சரியாகக் கேட்கவில்லை என்றால் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம்.

இதை விடப் பெரிய கெடுதல் ஒன்றும் நடக்கிறது. அந்த வீடியோக்களில் வறுமைக்குக் காரணமே கிடையாது. "கணவர் இல்லை" என்பதோடு கதை முடிகிறது. ஏன் இல்லை, யார் கொண்டுபோனது, எங்கே கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்ற கேள்விகள் வராது. நுண்கடன் எடுத்தவரிடம் எத்தனை வீதம் வட்டி என்று கேட்கமாட்டார்கள். லயத்தில் நின்று படம் பிடிப்பார்கள், தோட்டக் கம்பனி என்ன சம்பளம் கொடுக்கிறது என்று கேட்கமாட்டார்கள். காணி விடுபடாத குடும்பத்தின் கொட்டிலைக் காட்டுவார்கள், காணி எங்கே, யார் வைத்திருப்பது என்று காட்டமாட்டார்கள். கேட்டால் சிக்கல் வரும். சிக்கல் வராத வறுமைதான் வீடியோவுக்கு நல்லது.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தெருவில் இருந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 2021இல் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அங்கேயும் கமரா இருந்தது, அங்கேயும் அம்மாக்கள் அழுதார்கள். ஆனால் அவர்கள் தாங்களாக வந்து இருந்தார்கள், தாங்கள் கேட்க வந்ததைக் கேட்டார்கள், கேட்டது அரசிடமும் கடன் கொடுத்தவர்களிடமும். அப்படிக் கேள்வி கேட்கிற ஒரு அம்மாவைத்தான் உதவி வீடியோ பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, பொதிக்கு நன்றி சொல்ல வைக்கிறது. உரிமை கேட்கிறவர் அங்கே பிச்சை கேட்கிறவர் ஆகிறார்.

சும்மா குறை சொல்லிவிட்டுப் போகவில்லை. தொண்டு நிறுவனங்களும் சங்கங்களும் நாளைக்கே செய்யக்கூடியவை இவை.

பிள்ளைகளின் முகம் போடாதீர்கள். இதற்கு விதிவிலக்கு வேண்டாம். பெரியவர்களின் முகம் என்றால் உதவி கொடுத்து ஒரு மாதம் கழித்து, கையில் ஒன்றும் இல்லாமல் போய்க் கேளுங்கள். எடுத்ததை அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். பிறகு எப்போது அழிக்கச் சொன்னாலும் அழிக்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள். அப்போதும் சம்மதித்தால் அது சம்மதம்.

மாதம் ஒரு கணக்குப் பதிவு போடுங்கள். வந்தது, போனது, மிச்சம். பற்றுச்சீட்டுகளைப் பேர் மறைத்துப் போடுங்கள். நிர்வாகச் செலவு இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். பெற்றோல் தண்ணீரில் ஓடாது என்று சனத்துக்குத் தெரியும். அமைப்பின் பதிவிலக்கத்தைப் போடுங்கள். காசு தனியாளின் கணக்குக்கு வரக்கூடாது, இரண்டு பேர் கையெழுத்து வைக்கிற சங்கக் கணக்குக்கு வரவேண்டும். விளம்பர வருமானம் வந்தால் அதையும் வரவில் காட்டுங்கள்.

யாருக்கு உதவி என்பதைக் கமரா தெரிவு செய்யக்கூடாது. மாதர் சங்கமும் சனசமூக நிலையமும் பாடசாலை அதிபரும் இருக்கிறார்கள். அவர்களிடமும் அரசியலும் சாதியும் சொந்தபந்தமும் உண்டு, அது எங்களுக்குத் தெரியும். ஆனால் பட்டியலை எப்படித் தெரிவு செய்தீர்கள் என்று எழுதிப் போட்டால் ஊரே கேள்வி கேட்கும். யூடியூப்பின் தெரிவை யாரும் கேள்வி கேட்க முடியாது.

வீடியோ போடவேண்டும் என்றால் வேலையைப் போடுங்கள். கிணறு இறைக்கிறதைப் போடுங்கள், மலசலகூடத்துக்குக் கல் அடுக்குகிறதைப் போடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தையல் மெசின் ஓடுதா, பழுதாகி மூலையில் கிடக்குதா என்று போடுங்கள். பழுதாகிக் கிடந்தால் அதையும் போடுங்கள். தோற்ற திட்டத்தைச் சொல்கிற அமைப்பைத்தான் நாங்கள் நம்புவோம். ஒருமுறை கண்ணீர் பார்த்து 100 டொலர் போடுகிறவரை விட, மாதம் 10 டொலர் போடுகிற பத்துப் பேர் உங்களுக்கு வேண்டும். அந்தப் பத்துப் பேர் வட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும், அதுதான் கணக்காய்வு.

"நீங்க என்ன செய்து கிழிச்சனீங்கள்?" என்று கொமென்றில் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் விடை இல்லை. பாலம் கட்டாதவனும் பாலம் இடிகிறது என்று சொல்லலாம்.

வாசிக்கிற உங்களிடம், முக்கியமாக வெளிநாட்டில் இருக்கிற எங்கள் வயதுப் பெடியள், பெட்டையளிடம், ஒன்று கேட்கிறோம். அம்மா, அப்பா, மாமி குடும்பக் குழுவில் அந்த வீடியோவைப் போட்டு "பாவம், ஏதும் அனுப்புவம்" என்று எழுதும்போது அவர்களின் இரக்கத்தைப் பகிடி பண்ணாதீர்கள். அந்த இரக்கம் உண்மையானது, இந்த மண்ணைப் பல தடவை அதுதான் தூக்கி நிறுத்தியது. காசு அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் அனுப்பும் முன் அந்தச் சனலுக்கு நான்கு கேள்வி எழுதச் சொல்லுங்கள்: போன மாதம் எவ்வளவு வந்தது? எவ்வளவு போனது? விளம்பரக் காசு எங்கே? எங்கட காசில உதவி வாங்குறவையின்ர முகம் இல்லாமல் உதவி குடுப்பீங்களா? பதில் வந்தால் அனுப்புங்கள். "பிளொக்" வந்தால், அந்தக் காசைக் கணக்குக் காட்டுகிற ஒரு சங்கத்துக்கு அனுப்புங்கள்.